நீச்சல்குளத்து வேலி

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் எனக்கு வேலை. வெளிநாட்டு இளவரசர் ஒருவர் குடும்பத்தோடு தங்கியிருந்த வீட்டின் கேமராக்களை ஆபீஸில் உட்கார்ந்து பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "அவங்க நாட்டு ஜனங்க வரிப்பணத்துல வீடு, காவல் வேற" என்று நானும் எரிச்சல்பட்டவள்தான்.

ஒரு நாள் அவருடைய ஐந்து வயது மகள் நீச்சல்குளத்து வேலியில் ஏறினாள். பதறிப்போய் அந்தக் கேமராவோடு இருந்த ஸ்பீக்கரின் பொத்தானை அழுத்தி, "ஏய் கண்ணு, இறங்குடி கீழ" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவள் கேமராவை அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினாள்.

அந்த வீட்டாரோடு பேசக்கூடாது என்பது விதி, இனிமேல் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்றார் மேனேஜர். வேலை போனால் விசாவும் போகும். ஆனால் அவள் தினமும் வேலியில் கால் வைத்து, என் குரலுக்காக மேலே பார்த்து நின்றாள். நான் அந்த வீட்டு வாசலில் நின்ற காவலருக்கு போன் பண்ணுவேன், அவர் வந்து தூக்கிக்கொண்டு போவார்.

பிறகு இளவரசரின் நாட்டு அரண்மனை, காவலுக்குத் தந்த பணத்தை நிறுத்தியது. காவலர் போய்விட்டார். கேமராக்களை அணைக்கச் சொன்னார்கள். கடைசிக் கேமராவில் அவள் வேலிமேல் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் விரல் ஸ்பீக்கர் பொத்தான்வரை போனது. பேசாமல் அணைத்தேன்.

அவள் இறங்கினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.