பாரம் ஏற்றக் கூடாத வண்டி

எண்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமான புதிதில், என் வீட்டுக்காரர் ஒரு சக்களத்தியைக் கொண்டுவந்து உப்பளம் ஏரியாவில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். கறுப்பு டேங்க், சிவப்புக் கோடு, ஜப்பான்காரன் கூட்டில் செய்த நூறு சிசி வண்டி. அவர் தட்டாஞ்சாவடிப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுகிறவர். பளபளவென்று இரும்பைப் பார்த்தால் உருகிவிடுவார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி முடித்ததும் நான் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பின் சீட்டில் ஏறப் போனேன்.

"ஏய், ஏறாத. இது ரன்னிங்-இன்ல இருக்குது. ரெண்டாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் பாரம் ஏத்தக்கூடாது."

பாரம் நான்தான். அப்போது என்னைத் தராசில் போட்டால் அரை மூட்டை அரிசி தேறாது.

பிஸ்டனும் சிலிண்டரும் இன்னும் ஒன்றுக்கொன்று பழகவில்லையாம். புதிதாகச் சேர்ந்த இரண்டும் மெல்ல மெல்லத்தான் இடம் பண்ணிக்கொள்ளுமாம். அவசரப்பட்டால் சூடேறிச் சிக்கிக்கொள்ளுமாம். இதைப் புதுப் பெண்டாட்டியிடம் ஒரு மனிதர் முகம் மாறாமல் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு அரியாங்குப்பம் போனேன், பஸ்ஸில்தான். எதிர் வீட்டு அக்கா தெருவுக்கே கேட்கிறாற்போலக் கேட்டாள்: "மாப்ள ஜப்பான் வண்டி வாங்கிட்டாராமே? நீ இன்னா பஸ்ல வந்து எறங்குற? உங்களுக்குள்ள எதுனா மனஸ்தாபமா?" அந்த வண்டியிலிருந்து அவள் கண்ணெதிரே ஒரு நாள் இறங்க வேண்டும். அன்றிலிருந்து எனக்கு வேறு ஆசையே இல்லை.

அவரோ சாயங்காலம் ஆனால் கிலோமீட்டர் சேர்க்கக் கிளம்பிவிடுவார். நாற்பதைத் தாண்டாமல், ஊரை வளைத்துப் போகும் புல்வார் ரோட்டைச் சுற்றிச் சுற்றி வருவார், தனியாக. கடற்கரையில் நின்ற சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒரு நாள் நிறுத்தி, யாரைத் தேடுறீங்க என்று விசாரித்தாராம்.

நான் மார்க்கெட்டுக்கு நடந்தால் பக்கத்திலேயே நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்து பாடம் எடுப்பார். கிளட்ச் என்றால் என்ன, எந்தக் கியர் எங்கே விழும், பிரேக்கை எப்படி அமுக்க வேண்டும், எல்லாம். "இன்ஜின் சுத்து நிமிஷத்துக்கு ஆறாயிரத்தத் தாண்டினாத்தான் இதுக்கு உசுரே வரும். புகை போற கொழாயே ஓடிப்போற காத்தத் திருப்பி உள்ள தள்ளும். ஜப்பான்காரன் மூளையப் பாரு." எங்கள் ஊரில் அந்த வேகம் வருவதற்குள் ஒன்று தெருமுனை வரும், இல்லையென்றால் கடல் வரும். காய்கறிப் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன். ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கும் என்றார்.

இந்த வண்டியில் ஆயிலுக்கென்று தனி டேங்க் உண்டு. வேண்டிய அளவை ஒரு பம்பு தானே ஊட்டிவிடும். அதையும் அவர்தான் சொன்னார். ஆனாலும் பங்க்கில் நின்று, மொபெட்டுக்குக் கலப்பதுபோலப் பெட்ரோலிலும் ஆயில் கலக்கச் சொல்வார். "கூட ஊத்துனா கெட்டா போயிடும்?" ஜப்பான்காரன் மூளையை அவர் நம்பிய லட்சணம் இவ்வளவுதான். தினமும் காலையில் எங்கள் தெரு புகையில் மறையும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் இருமி இருமிச் சொன்னார்: "அல்ஜீரியா சண்டையில கூட இவ்ளோ புகைய நான் பாக்கலம்மா." ஒரு நன்மை, தெருவில் கொசு இல்லை.

ஆடி பிறந்தது. அம்மா அழைத்தாள். மீட்டரும் பெரிய மனசு பண்ணி இரண்டாயிரத்தைக் காட்டியது. கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு முதல்முறையாகப் பின்னால் உட்கார்ந்தேன். முதலியார்பேட்டை தாண்டும்வரை நான் மகாராணி. அரியாங்குப்பம் பாலத்தில் ஏறியதும் வண்டி இருமியது, விக்கியது, நின்றுவிட்டது.

பிளக்கைக் கழற்றினார். ஆயிலில் ஊறிய கரி அப்பிக்கிடந்தது. துடைக்கத் துணி தேடி அவர் கை என் முந்தானைப் பக்கம் வந்தது. நான் பார்த்த பார்வையில் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். "தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். நான் ஒக்காந்துக்கிறேன், நீ தள்ளு."

"பட்டுப் பொடவையோடவா? நீங்க தள்ளுங்க."

கடலூர் பஸ் ஒன்று ஊர்ந்து போனது. ஜன்னல் பூராவும் தலைகள். அவர் வழிக்கு வந்தார். "சைக்கிள் ஓட்டுவ இல்ல? ரெண்டாவது கியர்ல போட்டுட்டேன். கிளட்ச்சப் புடிச்சிக்க, சொல்றப்ப வுடு."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். பாலத்துச் சரிவில் தள்ளினார். "வுடு" என்றார், விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்துக்கொண்டது. பின்னால் கிளம்பிய புகையில் மனிதரைக் காணவில்லை. "நிறுத்து, நிறுத்து" என்ற குரல் மட்டும் வந்தது.

எனக்கு நிறுத்தத் தெரியாமல் இல்லை. மாதக்கணக்கில் பாடம் கேட்டவள் நான். ஆக்சிலேட்டரை முறுக்கினேன். முனகிக்கொண்டிருந்த சத்தம் ஒரு இடத்தில் சட்டென்று மாறி, வண்டி என்னை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. அவர் சொன்ன உசுரு வந்துவிட்டது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் அப்படியொரு சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் அனுபவிக்கவில்லை.

அம்மா வீட்டு வாசலில் பிரேக்கை அமுக்கி, காலை ஊன்றி, சாவியைத் திருப்பினேன். எதிர் வீட்டு அக்கா முறத்தோடு வெளியே வந்து வாயைப் பிளந்தாள். "இன்னாடி இது, வூட்டுக்காரர் எங்க?"

மெல்ல இறங்கினேன். அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று மடிப்பை நிதானமாகச் சரிசெய்தேன்.

"பின்னால நடந்து வர்றாருக்கா. புது வண்டி இல்ல, பாரம் ஏத்தக்கூடாதாம்."