கன்றுகளைத் திறந்துவிட்டவள்

நோலாரியை யாரும் நோலாரி என்று கூப்பிட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அது, மாடு மேய்த்து வாழும் மாசாய் இனத்துப் பெண்களுக்குப் புகுந்த வீட்டில் வைக்கிற பெயர். பிள்ளை பிறந்துவிட்டால் அதுவும் போய்விடும். ஊருக்கு அவள் சிலான்தோய் அம்மா. புருஷன் லெகிஷோனும் அப்படித்தான் கூப்பிட்டான். சிலான்தோய் அவர்களுக்கு ஒரே பிள்ளை.

நோலாரிக்குப் படம் போட வரும். சாணி மெழுகிய சுவரில் அடுப்புக்கரியால் ஒட்டகச்சிவிங்கி வரைந்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். பள்ளிக்கூடத்து வாத்தியார் சென்டியூ அதைப் பார்த்துவிட்டு, நாரோக் நகரத்தில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் ஒரு பெண்மணியிடம் சொன்னார். அந்தப் பெண்மணி காரில் வந்து இறங்கி, சிங்கம் பேசுகிற மாதிரி ஒரு கதை வேண்டும் என்றார். சிங்கம் பேச வராது, கன்றைத் தூக்கத்தான் வரும் என்று நோலாரி மறுத்துவிட்டாள். சிங்கம் பேசாத புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்று அந்த அம்மாளுக்கு ஒரே கவலை.

கடைசியில் நோலாரி சொன்னதுதான் அச்சில் வந்தது. ஒரு சிறுமி விடிந்ததும் முள்வேலியைத் தள்ளிக் கன்றுகளைத் திறந்துவிடுகிறாள். மேய்ச்சலில் வரிக்குதிரைகள் வந்து கலக்கின்றன. தாயைத் தொலைத்த காட்டுமாட்டுக் குட்டி ஒன்று கன்றுகளோடு சேர்ந்து வீடுவரை வந்துவிடுகிறது. சாயங்காலம் அம்மா, பால் கெடாமல் இருக்கப் பால்குடுவைக்குப் புகைபோடுகிறாள். அவ்வளவுதான் கதை. சிறுமிக்கு முன்பல் இரண்டும் இல்லை, சிலான்தோயைப் போலவே. பெயரும் சிலான்தோய்தான். வேறு பெயர் நோலாரிக்குத் தோன்றவே இல்லை. அச்சில் ஏறிய பெயரைத் திரும்ப எடுக்க முடியாது என்பது அன்று யாருக்கும் உறைக்கவில்லை.

லெகிஷோன் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தான். "என் மாட்ட எலும்பும் தோலுமாப் போட்டுட்டு, வரிக்குதிரைய மட்டும் கொழுகொழுன்னு போட்டிருக்க. அது என்ன, உங்கப்பன் வீட்டு வரிக்குதிரையா?" என்றான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த பெருமழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆற்றில் வெள்ளம். ஆஸ்பத்திரி வண்டி அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. பிள்ளை போய்விட்டாள்.

போனவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர்களுக்கும் நிம்மதி இல்லை, இருப்பவர்களுக்கும் ஆபத்து. மறுநாளே அந்தப் பெயர் ஊரில் யார் வாயிலும் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவளை நோலாரி என்றார்கள், நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல, நேற்றுத்தான் மணப்பெண்ணாக வந்து இறங்கியவள்போல.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. நோலாரி வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். சின்ன வகுப்புப் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தை எடுத்து ஒரே குரலில் வாசித்தார்கள். விளையாட்டில் வாய்தவறிக்கூட அந்தப் பெயரைச் சொல்லாத பிள்ளைகள், பாடம் என்றால் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டார்கள். வாத்தியாரும் தடுக்கவில்லை. முதல் நாள் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் நோலாரி காதைப் பொத்திக்கொண்டாள். சில நாளில் அதற்காகவே விடியட்டும் என்று காத்துக் கிடந்தாள். உலகத்தில் அவள் மகளை இன்னும் கூப்பிடுகிற இடம் அது ஒன்றுதான். லெகிஷோன் அந்த நேரத்துக்கு முன்பே மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விடுவான்.

அப்புறம் லெகிஷோனின் தம்பி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. ஊர் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் பள்ளிக்கூடத்துப் பக்கமே பார்த்தார்கள். அன்று சாயங்காலம் லெகிஷோன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"தினமும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அவ எப்படிப் போவா? தனியாப் போகப் பயந்துக்கிட்டு இன்னொரு புள்ள கையப் புடிச்சுக்குவா. நீ எழுதினது, நீயே அழிச்சிடு."

"அழிச்சிட்டா அப்புறம் நான் யாரு?" என்று அவள் கேட்டாள்.

அவனும் நொறுங்கித்தான் போயிருந்தான்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் புத்தகங்களை அடுக்கி, மையும் தூரிகையும் எடுத்து வைத்தார். நோலாரி பக்கம் பக்கமாகப் பெயர்மேல் மை பூசினாள். படங்களைத் தொடவில்லை. வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. கடைசிப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "இதுல பூச வேணாம். எடுத்துட்டுப் போங்க. நான் பாக்கல" என்றார்.

அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, ஊர்க்காதுக்கு எட்டாத தூரத்தில் ஒரு வேலமரத்தடிக்குப் போனாள். தூரத்தில் வரிக்குதிரைகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரே ஒரு தடவை, மெதுவாக, பெற்றவள் வாயால் சொன்னால் யாருக்கு என்ன கெட்டுவிடும்? முதல் பக்கத்தைத் திறந்து மூச்சை இழுத்தாள்.

பெயர் வரவில்லை. "கன்றுகளைத் திறந்துவிட்டாள்" என்று அடுத்த சொல்லிலிருந்துதான் வந்தது. இன்னொரு பக்கத்தில் முயன்றாள். அங்கேயும் வாய் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய் நின்றது. செத்துப்போன அப்பாவின் பெயரைக்கூட அவள் இதுவரை சொன்னதில்லை. அவள் வளர்ந்த வளர்ப்பு அப்படி. தன் வாயிலேயே அறைந்துகொண்டாள். மறுபடி முயன்றாள். காற்றுத்தான் வந்தது.

அழுது ஓய்ந்து திரும்பி வந்தபோது வாத்தியார் வாசலிலேயே நின்றிருந்தார். அவள் முதல் பக்கத்தைத் திறந்து நீட்டினாள்.

"எனக்கு வரமாட்டேங்குது வாத்தியாரே. நீங்க ஒரு தடவ சொல்லிடுங்க."

அவர் குனிந்து எழுத்தைப் பார்த்தார். உதடு பிரிந்தது. தலையை ஆட்டினார். "எனக்கும் வரலம்மா" என்றார்.

நோலாரி அந்தப் புத்தகத்தோடு உள்ளே போய் மை எங்கே என்று கேட்டாள்.