செங்கல்பட்டுக்கு ஒரே ஓட்டம்

வாடகைக்குச் சைக்கிள் விடுகிறவளுக்கு, வண்டி தெருமுனை திரும்பியது முதல் மறுபடி கண்ணில் படும் வரை மனசு அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணத்துக்குப் பாத்திரமோ பெட்ரோமாக்ஸ் விளக்கோ வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் சொல்வது புரியும். போன பொருள் முழுசாக வருமா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற பிழைப்பு நம்முடையது.

எங்கள் கடை மந்தைவெளியில். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். யுத்த காலம், ஒரு டயருக்குத் தவம் கிடக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, ஒரு கால் ஊனமாகிக் கடையிலேயே உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் சூசை ஒரு வம்பை இழுத்துவிட்டார். செங்கல்பட்டு போய் ஒரே சவாரியாகத் திரும்பி வருகிறவர் பெயரைக் கடை வாசல் போர்டில் பெயிண்டால் எழுதுவோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். போய் வந்ததற்கு அடையாளம், அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கும் எங்கள் மருமகன் இருதயராஜ் ஹாண்டில்பாரில் கட்டிவிடும் சிவப்புக் கயிறு. ஒரே சவாரி என்றால் என்ன என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அந்தத் தலைவலி எனக்கு வந்தது.

மழை தொடாத கிட்டு

குளத்தங்கரைத் தெருவிலிருந்து வந்த கிட்டு என்ற பையன்தான் முதலில் என்னைச் சோதித்தவன். காலேஜில் படிப்பவன். காலையிலிருந்து விடாத மழை. நான் கடைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன், சாயங்காலம் அவன் சிவப்புக் கயிற்றோடு வந்து இறங்குகிறான். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. மட்கார்டில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

“ஏன் தம்பி, மழையெல்லாம் உன்னைப் பார்த்து ஒதுங்கிப் போயிடுச்சா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு, போக வர இரண்டு தடவையும் ரயிலில்தான் வந்தேன் என்று ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டவன் அதோடு விட்டானா? மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: “ஆனா ரயிலோட கடைசில கார்டு வண்டில இந்தச் சைக்கிள் மேலயேதான் ஒக்காண்டுண்டு வந்தேன். ஒரு தடவைகூட எறங்கலை. வேணும்னா கார்டைக் கேட்டுப் பாருங்கோ!”

அண்ணனும் தம்பியும்

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் தச்சு வேலை, தம்பி அவனுக்கு எடுபிடி. சைக்கிளை அண்ணன் எடுத்துப் போனான், தம்பி ஓட்டிக்கொண்டு வந்தான். அண்ணன் எங்கே விழுந்து கிடக்கிறானோ என்று பதறினேன். அவனோ ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து ஒரு கட்டை வண்டியில் சாவகாசமாக வந்து இறங்கினான்.

தம்பி முன்னாடியே ரயிலில் போய்க் காத்திருக்க, செங்கல்பட்டில் சைக்கிளை நிறுத்தாமலே ஆள் மாறினார்களாம். என் மருமகன் கூடவே ஓடிக் கயிறு கட்டினானாம். இதில் யார் சவாரி முழுச் சவாரி என்று எனக்குத் தலை சுற்றியது. இருவருக்கும் கிடையாது என்றேன். அண்ணன் அசரவில்லை: “எங்க பேரு வாணாம்க்கா. நிக்காம போய்க்கினு நிக்காம வந்துக்கினு கீறது இந்தச் சைக்கிள்தான? அதும் பேர எய்து.”

சங்கத்தார் வைத்த சட்டம்

போர்டில் பெயர் கூடக் கூட, தியாகராய நகரில் சைக்கிள் சங்கம் வைத்திருந்த பெரிய மனிதர்கள் எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத் தலைவர் வரதாச்சாரி, ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க். அவர் பெயரும் போர்டில் இருந்தது. ஒரு பெண்பிள்ளை வாய்க்கு வந்தபடி தீர்ப்புச் சொல்வது சரியில்லை, சட்டம் வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று தலையாட்டினார்.

ரயில்வே கேட்டில் கால் ஊன்றலாம். பஞ்சருக்கு இறங்கலாம். தண்ணீர் குடிக்கலாம். ஆனால் வீட்டுக் காரியம் எதற்காகவும் இறங்கினால் சவாரி அறுந்தது. இதுதான் சட்டம். “சிகரெட் பிடிக்க இறங்கினா?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை: “அது இளைப்பாறுதல்மா. அது சவாரில சேர்ந்ததுதான்.”

நான் போன சவாரி

என் மகள் பிலோமினா, இருதயராஜின் மனைவி, தலைப்பிரசவத்துக்கு என்னிடம் வருவதாக இருந்தது. அதற்குள் அங்கேயே வலி கண்டுவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று தந்தி வந்தது. அன்று ரயில் முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். சைதாப்பேட்டையில் பஸ் பிடிக்கலாம் என்று, கடையிலிருந்த லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாடகைக்கு எடுத்துப் போய்த் திருப்பித் தராதவர்கள் வீட்டுக்குப் போய் வண்டியை ஓட்டி வந்து வந்து, எனக்குச் சைக்கிள் பழகியிருந்தது. சைதாப்பேட்டையில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் அந்த பஸ் புகை கக்கிக்கொண்டு படுத்துவிட்டது. நான் நிற்கவில்லை. அடையாற்று மேல் மர்மலாங் பாலத்தில் ஏறி, செங்கல்பட்டுக்கே மிதித்தேன்.

பல்லாவரத்தில் புடவை செயினில் சிக்கியது, பல்லால் கடித்துக் கிழித்தேன். வண்டலூர் மேட்டில் இறங்கித் தள்ளினேன். வழி நெடுக ஆண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாதாவே, என் பிள்ளையைக் காப்பாற்று என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை இல்லை. போய்ச் சேர்ந்தபோது மருத்துவச்சி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். வெந்நீர் போட்டேன், மகளைப் பிடித்துக்கொண்டேன், அவள் கத்தக் கத்த நானும் கத்தினேன். பேத்தி பிறந்தாள். இரண்டு உயிரும் பிழைத்தன.

மறுநாள் காலை கிளம்பினேன். இங்கே கால் ஊனமான மனிதர் சோற்றுக்கு என்ன செய்கிறாரோ என்ற கவலை. நான் கேட்காமலே இருதயராஜ் சிவப்புக் கயிற்றைக் கொண்டுவந்து கட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது: “அத்தை, இத்தனை பேருக்குக் கட்டினேன். ஒருத்தரும் எதுக்கு வந்தோம்னு சொன்னதில்ல.”

மண்ணெண்ணெய்த் துணி

என் பெயரைப் போர்டில் எழுத வேண்டும் என்றேன். என் வீட்டுக்காரர் சங்கத்தாரைக் கேட்போம் என்றார். வரதாச்சாரி நான்கு பேரோடு வந்தார். “நடுவுல ராத் தங்கியிருக்கே. வீட்டுக் காரியம் பார்த்திருக்கே. இது ரெண்டு சவாரி. ரெண்டும் அரை அரை” என்றார்.

“தங்கினேன். எவ தூங்கினா?” என்றேன். “நீங்கள்லாம் செங்கல்பட்டைத் தொட்டுட்டு வந்தீங்க. எனக்கு அங்க போக வேலை இருந்துச்சு. கிளம்பின வேலை முடியாம நான் வீட்டு வாசல மிதிக்கல. இது ஒரே சவாரி.”

ஒரு பொம்பளை பெயர் ஏறினால் எங்கள் பெயரையெல்லாம் அழித்துவிடு என்றார் அவர். உள்ளே போய் ஒரு பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்து எடுத்து வந்து அவரிடம் நீட்டினேன். “ரேஷன் எண்ணெய்தான், பரவாயில்ல. உங்க பேர நீங்களே அழிச்சுக்குங்க.”

ஒருவரும் வாங்கவில்லை. துணியிலிருந்து எண்ணெய் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. வரதாச்சாரி போர்டில் இருந்த தன் பெயரை ஒரு முறை பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டார். படியிறங்கும்போது சொன்னார்: “எழுத்தாவது கொஞ்சம் சின்னதா இருக்கட்டும்.”

ஆரோக்கியமேரி என்று கடைப் பெயரைவிடப் பெரிதாக எழுதச் சொன்னேன், போர்டில் இடம் போதாமல் கடைசி எழுத்து சுவரில் ஏறிவிட்டது, ஆகையால் இனி யாராவது போர்டைக் கழற்றிப் போனாலும் என் சவாரியில் கொஞ்சம் இந்தச் சுவரிலேயே இருக்கும்.