ரோஜா வாசனைக் கிரீம்

விமானக் கொட்டகையில் அவரை எல்லாரும் ‘வறட்டுக்கை’ என்றுதான் கூப்பிடுவார்கள். விமானங்களில் ஆக்சிஜன் பாட்டில் மாற்றுவது அவர் வேலை. ஆக்சிஜனுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் ஏழாம் பொருத்தம். குழாய்க்குள் ரெண்டும் சந்தித்தால் தீப்பிடித்துவிடும். அதனால் மனுஷன் கைக்கு எண்ணெயோ கிரீமோ காட்டுவதே இல்லை. உள்ளங்கை முழுக்க வெடிப்பு. அவரோடு கைகுலுக்கியவர்கள் தோல் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

அன்று மாலை மகளின் பள்ளியில் நாடகம். அவள்தான் மரம். போன வருஷம் கம்பி நீட்டியவர், இந்தத் தடவை வந்தே தீருவேன் என்று சத்தியம் செய்திருந்தார்.

பாட்டிலைப் பொருத்திக் குழாயை முடுக்கியாயிற்று. வால்வைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. பக்கத்து விமானத்து மெக்கானிக் மோப்பம் பிடித்தான்.

“என்னண்ணே, ரோஜா வாசனை தூக்குது! மறுபடியும் மாப்பிள்ளை ஆகப்போறீங்களா?”

சளி பிடித்த இவர் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. கையைப் பார்த்தார். கையுறை கட்டைவிரலில் கிழிந்திருந்தது. உள்ளே விரல் பளபளவென்றிருந்தது. காலையில் தூங்கும்போது யாரோ கிரீமை அப்பியிருக்கிறார்கள்! கழுவியும் வெடிப்புக்குள் பதுங்கியிருந்திருக்கிறது.

“லேசா துடைச்சுட்டுக் கிளம்புங்கண்ணே. யாருக்குத் தெரியப்போகுது?”

“தீப்பிடிச்சா நீ வந்து வாயால ஊதி அணைப்பியா?”

பொருத்தியதை எல்லாம் கழற்றினார். குழாயைச் சுத்தம் செய்யும் அறை பூட்டிக் கிடந்தது. சாவியோடு டீ குடிக்கப் போன ஸ்டோர்க்காரர் தேயிலைத் தோட்டத்துக்கே போய்விட்டார் போல. கதவை ஓர் உதை விட்டார், கால்தான் வலித்தது.

எல்லாம் முடித்துப் பள்ளிக்கு ஓடியபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மரம் தன் காகித இலைகளைப் பிய்த்தபடி படியில் உட்கார்ந்திருந்தது.

“கையில கிரீம் தடவுனது நீதானே?” வந்த கோபத்தில் குரல் உயர்ந்தது.

“ஆமா. கடைசில அவங்கவங்க அப்பா கையப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. உங்க கை முள்ளு மாதிரி குத்தும்ல?”

திட்டுவதற்கு நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார்.

“அப்புறம்... யார் கையப் பிடிச்ச?”

“வாட்ச்மேன் மாமா கைய.” ஓர் இலையைப் பிய்த்துப் போட்டாள். “அவர் கை மெத்துன்னு இருந்துச்சுப்பா.”