நெஞ்சுவலி என்று சொன்னால் நம்பியவர்

அழுது புலம்பி எழுதாதே என்றார் அம்மா. கோபமாக எழுதாதே என்றார் அண்ணி. இரண்டையும் எடுத்துவிட்டால் எனக்கு எழுத என்ன மிஞ்சும்? ஆனாலும் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இன்று, ஜெபக்கூட்டத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது கூடப்பிறந்தவளின் கடமை. என்னால் முடிந்த மரியாதையோடு சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில், எங்கள் தாத்தா கூலிக்கு நாற்று நட்ட ஊரில். அவர் நடக்கப் பழகும் முன்பே அப்பா கும்மிடிப்பூண்டிக்கு வந்து, இரும்புக்கம்பி ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அப்பா வீடு திரும்பும்போது கையில் புதிதாக ஒரு தீக்கொப்புளம் இருக்கும். அதற்கு மருந்து தடவித்தான் வைத்தியம் பழகினேன் என்று அண்ணன் சொல்வார். அரசுப் பள்ளியில் படித்து, அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கி, எங்கள் தெருவின் முதல் டாக்டர் ஆனார். அப்பாவுக்கு ஒரே ஆசைதான். பஜாரில் ஒரு கிளினிக், வாசலில் மகன் பெயர் எழுதிய பலகை.

அண்ணனுக்குச் சிறை மருத்துவமனையில் பணி கிடைத்தது. எந்தச் சிறை என்று எழுத வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டார். அங்கே அனுப்பப்படும் மருத்துவர்கள் சீக்கிரமே மாறுதல் கேட்பது வழக்கம். அண்ணன் கேட்கவில்லை. அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"வேலில போற ஓணான புட்ச்சி மடியில வுட்டுக்கினியேடா நைனா! கிளினிக் வச்சிக்கினு ராஜா மாரி இருக்கலாமே."

"வெளிய இருக்கறவன் நான் இல்லேன்னா இன்னொரு டாக்டராண்ட போவான்பா. உள்ள இருக்கறவன் எங்க போவான்?" என்றார் அண்ணன்.  அப்பா அந்தப் பலகையைப் பார்க்காமலேயே கண்ணை மூடினார்.

கல்யாணம் காட்சி என்று போனால் உறவினர்களுக்கு அண்ணன்தான் வேடிக்கை. "இன்னா டாக்டரே, ஜாமீன் கெட்ச்சிதா?" என்பார்கள். "எனக்கு ஆயுள், மாமா" என்று அவரும் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். 

அவர் பார்த்த வைத்தியம் பெரிய வைத்தியம் இல்லை. சொறி, காய்ச்சல், காசநோய், சர்க்கரை, குடி நின்றதால் வரும் கைநடுக்கம். புதிதாக உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்ப்பார். எந்தக் குற்றம் என்று கேட்க மாட்டார். "கேட்டா என் கை மாறிடும்மா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

நெஞ்சுவலிதான் அவரைப் பிடித்த சனி. மந்திரி கைதானால் நெஞ்சுவலி வரும் என்று நாமெல்லாம் செய்தி பார்த்துச் சிரிக்கிறோம் அல்லவா? சிறைக்குள்ளும் அதே சிரிப்புதான். அண்ணன் சேர்ந்த புதிதில் ஓர் இளைஞன் நெஞ்சு வலிக்கிறது என்று வந்து நின்றான். காவலர் ஒருவர், "இவன் பெரிய மந்திரி, சார்" என்றார். அண்ணனும் சிரித்துவிட்டு, வாயு மாத்திரை கொடுத்து அனுப்பினார். அன்று மாலைக்குள் அந்தப் பிள்ளை போய்விட்டான். விசாரணை நடந்து, யார்மேலும் தவறில்லை என்று முடிந்தது. அண்ணனுக்குள் அது முடியவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவன் வலிக்குதுன்னு சொல்றப்போ நான் சிரிச்சிட்டேம்மா" என்றார் என்னிடம். 

அதன்பிறகு நெஞ்சுவலி என்று யார் சொன்னாலும் நம்பினார். பரிசோதித்துப் பார்ப்பார்; சிறு சந்தேகம் இருந்தாலும் வெளியே பெரிய மருத்துவமனைக்கு எழுதிவிடுவார். பொய் சொன்னவர்கள் நிறையப் பேர். மருத்துவமனை வராந்தாவில் பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கலாம் என்பதற்காகவே நெஞ்சைப் பிடித்தவர்கள் உண்டு. "டாக்டரு நல்லா ஏமாறுறாரு" என்று உள்ளே பேச்சு. நானும் சண்டை போட்டிருக்கிறேன்.

"ஏமாந்தா எனக்கு இன்னா போவும்? மானம் போவும், அவ்ளோதானே. நம்பலேன்னா அவனுக்கு உசுரு போவும்" என்றார்.

எழுதினால் மட்டும் போதாது. கைதி வாசலைத் தாண்ட வேண்டுமானால் வழிக்காவலுக்குப் போலீஸ் வர வேண்டும். திருவிழா என்றால் வராது, தலைவர் வருகிறார் என்றால் வராது. ஆம்புலன்ஸ் நிற்கும், நோயாளி படுத்திருப்பார், அண்ணன் போனில் கெஞ்சிக்கொண்டிருப்பார். வீட்டில் உப்புக் குறைந்தால்கூடக் கேட்டு வாங்காத மனிதர் அவர்.

கடைசி நாளுக்கு வருகிறேன். அன்று காலை நாஷ்டா வேண்டாம் என்றாராம். நெஞ்சு கரிக்கிறது, நேற்றைய பரோட்டா வேலை என்றாராம். முதலில் ஒரு இசிஜி எடுத்துப் பாருங்கள் என்று அண்ணி கெஞ்சியிருக்கிறார். "அங்கியே மிஷின் கீது, எடுத்துக்கறேன்" என்று கிளம்பிவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

அங்கே பொதட்டூர்பேட்டைப் பெரியவர் ஒருவர் நெஞ்சுவலியோடு படுத்திருந்தார். நிலத்தகராறு வழக்கில் உள்ளே வந்தவர். இசிஜி எடுத்ததும் மாரடைப்பு என்று உறுதியாகிவிட்டது. முதல் மருந்துகளைக் கொடுத்தாகிவிட்டது, உடனே வெளியே அனுப்ப வேண்டும். நெடுஞ்சாலையில் யாரோ தலைவருக்குப் பாதுகாப்பு; வழிக்காவலுக்கு ஆள் இல்லை. இன்னொரு மருத்துவரும் அன்று விடுப்பு. அண்ணன் ஒரு கையில் போனும் மறு கையில் பெரியவரின் கையுமாக நின்றிருக்கிறார். பார்மசிஸ்ட் தம்பி பிறகு எங்களிடம் அழுதுகொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சாருக்குச் சட்டையெல்லாம் வேர்வையில நனஞ்சிப்போச்சுக்கா. சார், மூஞ்சியே சரியில்ல, உங்களுக்கும் ஒரு இசிஜி எடுக்கறேன், படுங்கன்னேன். எனக்கு வாயுபா, இவுரு மொதல்ல வண்டி ஏறட்டும்னாரு. வெளிய போயி ஆஸ்பத்திரியிலயாவது காட்டுங்க சார்னேன். நான் போய்ட்டா போன யார் பண்றதுன்னாரு."

மதியம் தாண்டி வழிக்காவல் வந்தது. பெரியவரை வண்டியில் ஏற்றிவிட்டு அண்ணன் வாசல்வரை நடந்து வந்தார். கைதிகளை மனு போட்டுப் பார்க்க வருகிறவர்கள் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார்.

அன்று அந்தச் சிறைக்குள் நெஞ்சு வலித்தவர்கள் இரண்டு பேர். வழிக்காவல் தேவைப்படாதவர் என் அண்ணன் ஒருவர்தான். யாரிடமும் கெஞ்ச வேண்டாம். எழுந்து நடந்திருந்தால் கதவைத் திறந்துவிட்டு சல்யூட் அடித்திருப்பார்கள். பொய்யனின் வலியைக்கூட நம்பியவர் தன் வலிக்கு மட்டும் ஏன் வாயு என்று பெயர் வைத்தார்? இந்த ஓராண்டில் கர்த்தரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி இதுதான். பதில் வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஜாமீனில் வந்ததும் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றார்.

"டாக்டரு என் கைய உடாம புட்ச்சிக்கினு இருந்தாரும்மா. அவரு கை சில்லுனு இருந்திச்சி. ஏசி ரூம்லேர்ந்து வந்துகிறாருன்னு நெனச்சிக்கினேன்" என்றார்.

அவரை வெறுக்க முயன்று பார்த்தேன். முடியவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து அண்ணிதான் காபி கொடுத்தார்.

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. வண்டிக்குக் காத்திராமல் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய காவலர்களுக்கு நன்றி. முன்பு அந்த இளைஞனை மந்திரி என்று கேலி செய்தவரும் அவர்களில் ஒருவர், செருப்பில்லாமல் ஓடினாராம். பார்மசிஸ்ட் தம்பிக்கும், அண்ணியைத் தனியே விடாத, அவரோடு வேலை பார்க்கும் திருவள்ளூர் பள்ளி ஆசிரியைகளுக்கும், கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவுக்கும், போதகர் ஐயாவுக்கும் நன்றி. முகம் தெரியாத எத்தனையோ பேர் உள்ளேயிருந்து ஆறுதல் சொல்லியனுப்பினார்கள். அவர்களுக்கும் நன்றி.

ஜாமீன் பற்றிக் கேலி பேசிய உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள்மேல் வருத்தமில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அம்மா இப்போது அடிக்கடி நெஞ்சு வலிக்கிறது என்கிறார். எல்லாப் பரிசோதனையும் செய்தாகிவிட்டது. இதயத்தில் ஒன்றுமில்லை, மகன் போன துக்கம் என்கிறார்கள் டாக்டர்கள். நீங்களும் அதையேதான் சொல்கிறீர்கள். சரியாகவே இருக்கலாம்.

ஆனால் அம்மா வலிக்கிறது என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நாங்கள் ஆட்டோவைக் கூப்பிடுகிறோம்.