ரேகை வளர்த்த கை

ஆதனக்கோட்டைப் பக்கம் சாலையோரத்தில் முந்திரிப்பருப்பைப் பொட்டலம் கட்டி விற்பார்கள். காரை நிறுத்தி வாங்குகிறவர்கள் பருப்பின் வெள்ளையைத்தான் பார்ப்பார்கள், உடைத்தவள் கையைப் பார்க்க மாட்டார்கள். அதுவும் நல்லதுதான். பார்த்தால் பருப்பு தொண்டையில் இறங்காது.

பொன்னுத்தாய்க்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொட்டை உடைக்கிற வேலை. வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி, ஓட்டைப் பிரித்து, பருப்பை முழுசாக எடுக்க வேண்டும். அந்த ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. என்னதான் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் அது தோலைத் தின்றுவிடும். தின்று தின்று இவளுக்குப் பத்து விரலும் வழவழவென்று ஆகிவிட்டன. ரேகை என்று காட்ட ஒரு கோடு கிடையாது.

போனால் போகிறது, சோறு பிசைய ரேகை எதற்கு என்று இருந்தவள்தான். பிறகு எங்கே போனாலும் விரலை வை என்றார்கள். ரேஷன் கடை மிஷின் இவளை இவளில்லை என்றது. கடைக்காரர் சில மாதம் பாவம் பார்த்து அரிசி போட்டார், சில மாதம் பார்க்கவில்லை. குழுக் கடனுக்குப் போனால் அங்கேயும் அதே கதை. புருஷன் நாகராசு உயிரோடு இருந்தவரை அவன் விரல் இருந்தது. அவன் செத்த பிறகு, ஊரே பேர் சொல்லிக் கூப்பிடுகிற பொம்பளை தான் யாரென்று மிஷினுக்குச் சொல்ல முடியாமல் நின்றாள்.

அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். மகள் காவ்யா கல்லூரி மாடிப்படியில் மயங்கி விழுந்தபோதுதான் ஆடிப்போனாள். இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். காப்பீட்டு அட்டை இருந்தால் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் செய்வார்கள். அந்த அட்டைக்குக் குடும்பத்தலைவியின் விரல் வேண்டும்.

கம்ப்யூட்டர் சென்டர் அருணா எல்லா விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. கண்ணைப் பார்க்கிற கருவி ரிப்பேர், எப்போது சரியாகும் என்று அவளுக்கும் தெரியாது.

"அக்கா, ஒரு மாசம் கொட்டையத் தொடாம இருங்க. தோலு வளந்துச்சுன்னா ரேகை வந்துரும்."

"தொடாம இருந்தா திங்கிறது எதைம்மா?"

பதில் சொன்னது காவ்யாதான், வீட்டுக்கு வந்ததும்.

"நான் ஒடைக்கிறேம்மா. ஒக்காந்து செய்யிற வேலைதானே, மாடியா ஏறப் போறேன்?"

பொன்னுத்தாய் ஏசித் தீர்த்தாள். அடுப்பு எரியாத நாள் வந்ததும் ஏச வாய் வரவில்லை. மகள் புகையில் உட்கார்ந்து இருமி இருமி உடைத்தாள். தாய் தேங்காய் எண்ணெய் தடவிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் காசில் வந்த சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாள். கூசத்தான் செய்தது. ஆனாலும் பழைய தோல் உரிந்து மெல்லிய கோடுகள் எழும்ப எழும்ப, பிறந்த பிள்ளைக்குக் கைகால் பார்ப்பதுபோல் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ரேகை விழுந்தது. அட்டையும் வந்தது. அன்றைக்குப் பொன்னுத்தாய் அழுததை அருணா இன்றும் சொல்வாள்.

திருச்சி ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் இருந்தவர் அட்டையை வாங்கிக்கொண்டு, "விரல வைங்க" என்றார். பொன்னுத்தாய் முந்திக்கொண்டு வைத்தாள்.

"ஒங்க விரல் இல்லம்மா. ஆபரேஷன் யாருக்கோ, அவங்க விரல்."

காவ்யா கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். விரல்கள் கறுத்து, தோல் வெந்து, வழவழவென்று இருந்தன. நோயாளி விரலும் வேண்டும் என்று ஒருத்தராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை, பொன்னுத்தாய்க்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த மனுஷர் கெட்டவரில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எல்லா விரலையும் வைத்துப் பார்த்தார்.

"சார், என் ரேகைய எடுத்துக்கங்க. இப்பத்தான் வளத்தேன். பாருங்க சார், நல்லா இருக்கு."

"சிஸ்டம் ஏத்துக்காதும்மா. கண்ணு பாக்குற மிஷின் இங்க கெடையாது. பணம் கட்டுறீங்கன்னா இன்னைக்கே சேத்துக்குறோம். இல்லன்னா ரேகை வந்ததும் வாங்க."

பஸ்ஸில் காவ்யா ஜன்னலில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. "ஒரு மாசந்தானேம்மா" என்றாள், அதற்கே மூச்சு வாங்கியது. பொன்னுத்தாய் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்தக் கை போட்ட சோற்றைத்தானே ஒரு மாசம் தின்றோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மகளின் விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவினாள். வாசலில் உட்கார்ந்து, வளர்த்த ரேகையைச் சாம்பலில் தோய்த்து, கட்டையை எடுத்தாள். உள்ளே பிள்ளைக்கு மூச்சு இரைப்பது வாசல்வரை கேட்டது.

"இருந்துருடி தங்கம். ஒரு மாசம் மட்டும் இருந்துரு" என்று சொல்லிக்கொண்டே முதல் கொட்டையை உடைத்தாள்.