ஊதினால்தான் வருவேன் என்றாள்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு நான்தான் நர்சம்மா. வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளைப் பார்ப்பது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பார்கள். அது பொய்யில்லை.

காலையில் பார்த்த, சளி பிடித்திருந்த ஒரு குழந்தை மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் மறுபடி போனேன். வீடு பூட்டியிருந்தது.

"புள்ள பால் குடிக்கலன்னு பள்ளிவாசலுக்குத் தூக்கினு போச்சுங்க," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வண்டியைத் திருப்பினேன்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், குழந்தை பயந்து அழுதால் சாயங்காலத் தொழுகை முடியும் நேரத்துக்குப் பள்ளிவாசல் முன்னால் போய் நிற்பார்கள். தொழுகை நடத்தும் அசரத் வெளியே வந்து, ஓதி, முகத்தில் ஊதிவிடுவார். என் மகளையே நான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

வரிசையில் நின்றிருந்தாள் அந்தக் குழந்தையின் அம்மா. துணியை விலக்கிப் பார்த்தேன். மூச்சு விடும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உடனே ஆம்புலன்சுக்கு போன் போட்டேன்.

"வாம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஊதினப்புறம் வரேன் நர்சம்மா. பெரியவளுக்கும் இங்கதான் சரியாச்சு."

"அடிப்பாவி! புள்ள மூச்சுக்குத் திணறுது, கண்ணு தெரியலையா உனக்கு?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாளே தவிர, நகரவில்லை. ஆம்புலன்ஸ் வந்து தெருமுனையில் நின்றது. அப்போதும் நகரவில்லை. பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

தொழுகை முடிந்து அசரத் வெளியே வந்தார். "இது மந்திரிக்கிற கேஸ் இல்லீங்க!" என்று அவரிடமும் கத்தினேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் குழந்தையைப் பார்த்தார். முன்னால் நின்றவர்களை விட்டுவிட்டு நேராக அவளிடம் வந்து, இரண்டு வார்த்தை ஓதி ஊதினார்.

"ஓதியாச்சும்மா. இனிமே ஊசி மருந்துதான். நர்சம்மா கூட ஓடு, நிக்காத."

எனக்கு முன்னால் ஓடி வண்டியில் ஏறிவிட்டாள்.

நிமோனியா என்றார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து வார்டுக்குப் போனேன். பயல் சத்தம் போட்டுப் பால் குடித்துக்கொண்டிருந்தான். அப்பாடா!

"அசரத்து ஊதினதுலதான் பொழச்சான் நர்சம்மா," என்றாள்.

வேறொரு நாளாக இருந்தால் எகிறியிருப்பேன்.

"ஆமாம்மா, அவரு ஊதலன்னா நீ வண்டியே ஏறியிருக்க மாட்ட," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.